நூலகத் தொழிலும் யாழ்ப்பாணத்துப் பட்டதாரியும்

யாழ்ப்பாணத்திலே நூலகம் என்னும் சொல்லுக்குள்ள மதிப்பு வேறெந்தத் தமிழ்ப் பிரதேசத்திலும் அச்சொல்லுக்கு இல்லை எனலாம். ஆண்டுதோறும் மே மாத இறுதியில் 1981 ஆம் ஆண்டின் தீயை நினைவுகூர்ந்து கட்டுரைகள் வெளிவருகின்றன, கூட்டங்கள் நடைபெறுகின்றன, அந்த வெண்ணிறக் கட்டடத்தின் படம் அச்சிடப்படுகின்றது. ஆயின் அதே சமூகத்தில், பட்டம் பெற்ற மகனோ மகளோ நூலகத் தொழிலுக்குச் செல்லப் போவதாக வீட்டிற் சொல்லும்போது எழும் முதல் வினா, “அதற்கா இவ்வளவு படித்தாய்?” என்பதாகும். நூலகத்தை வணங்குவதும் நூலகரை இகழ்வதும் ஒரே வாயால் நிகழ்கின்றன. இம்முரண்பாட்டைப் பல்கலைக்கழகத்தினர் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருப்பதே இங்கு கண்டனத்துக்குரியது.

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்” என்பது யாழ்ப்பாணத்தாரின் உத்தியோகக் கோட்பாட்டை ஒரு வரியில் அடக்கிய பழமொழி. சம்பளம் கொடுப்பவர் யார் என்பதை மட்டுமே அது கேட்கின்றது. கோழியைப் பற்றி அதற்கு எவ்வித அக்கறையும் இல்லை. இன்றைய கலைப்பீடப் பட்டதாரி விண்ணப்பப் படிவங்களை நிரப்பும் ஒழுங்கும் இக்கோட்பாட்டின் வழிப்பட்டதே. ஆசிரியர் சேவை, அபிவிருத்தி உத்தியோகத்தர், வங்கி, இவை யாவும் கைகூடாவிடின் ஏதேனுமொரு நூலகம். வேலையின்மை கற்பனையன்று. 2017 ஆம் ஆண்டில் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் மாதக்கணக்கிற் சத்தியாக்கிரகம் இருந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. அந்நிலையிலுள்ள ஒருவர் கிடைத்ததைப் பற்றிக்கொள்வதைக் குறைகூறுதல் அறமாகாது. குறைகூறத் தக்கது வேறொன்று. நூலகத்தைப் புகையிரத நிலையத்துத் தங்குமடமாகக் கருதி, அடுத்த வண்டி வரும்வரை அங்கே அமர்ந்திருக்கும் மனப்பான்மையும், அம்மனப்பான்மையே இயல்பானது என மாணவருக்கு உணர்த்திவிடும் கல்விச் சூழலுமே அது.

காத்திருப்பவர் இரு வகையினர். ஒரு சாரார் மூன்றாண்டில் வேறு பதவி பெற்றுச் சென்றுவிடுவர். மற்றொரு சாராருக்கு வண்டி வருவதில்லை. அவர்கள் முப்பது ஆண்டுகள் அங்கேயே இருந்து, ஓய்வூதியத்துடன் எழுந்து செல்வர். செல்பவரைக் காட்டிலும் இருப்பவரால் விளையும் கேடே பெரிது.

யாழ்ப்பாணத்து முதற் பட்டதாரி எவ்வாறிருந்தார் என்பதை இவ்விடத்து எண்ணிப்பார்த்தல் தகும். 1857 இற் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதலாவது பட்டத் தேர்விற் சித்தியெய்திய இருவருள் ஒருவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. அவரும் அரசாங்க உத்தியோகத்தரே; பழமொழிக்கு அவரும் விலக்கல்லர். ஆயினும் வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை ஆகியன 1880களில் அவர் கையால் அச்சேறின. அதற்காக அவர் செய்த வேலை யாது? எந்த ஏடு எவரிடம் உள்ளது என்று தேடியமை, பிரதிகளை ஒப்புநோக்கியமை, சிதைந்தவற்றைப் படியெடுத்தமை. இவை யாவும் இன்று நூலகவியல் எனவும் சுவடியியல் எனவும் வழங்கும் துறைகளின் அடிப்படைப் பணிகள். ஈழத்துத் தமிழ்ப் பட்டதாரி மரபு நூல்களைத் தேடிக் காப்பதிலேயே தொடங்கிற்று. அம்மரபின் வழிவந்தோர் அப்பணியைக் கடைநிலைப் பணியாகக் கொள்வது விந்தையே.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையும் இவ்வாறு மீள வாசிக்கப்படவேண்டியது. 1933 இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்திலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டில் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் நூலகம் திறக்கப்பட்டது. 1935 இல் நகர சபையிடம் கையளிக்கப்பட்டது. பின்னர் பெருங் கட்டடம் ஒன்றை எழுப்ப முனைந்தபோது, புனித பத்திரிசியார் கல்லூரி வண. பிதா லோங் போன்றோர், வெறுமனே கொத்தனாரை அழைத்துவிடவில்லை. நூலக அமைப்புக்கு எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையும் கட்டட வரைவுக்குச் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் உதவியும் நாடப்பட்டன. 1959 ஒக்டோபரில் அது திறந்துவைக்கப்பட்டது. நூலகம் என்பது துறை வல்லாரின் அறிவை வேண்டிநிற்கும் நிறுவனம் என்பதை அத்தலைமுறை விளங்கியிருந்தது. 1990களின் பிற்பகுதியில் எரிந்த நூலகத்தை மீளக் கட்டுவதற்கென அரசாங்க ஆதரவுடன் எழுந்த இயக்கம் நூலும் செங்கல்லும் திரட்டுவதையே தன் பெயராகச் சூடிக்கொண்டது. அப்பெயரில் நூல் இருந்தது; செங்கல் இருந்தது; நூலகருக்கு இடமிருக்கவில்லை. கொடையாளருக்குக் கண்ணிற் படுபவை அவ்விரண்டுமே. ஓர் இளம் பட்டதாரியை நான்காண்டு பயிற்றுவித்து அனுப்புவதற்கு நாடா வெட்டும் விழா கிடையாது.

இரங்கநாதனின் பெயரைக் கேட்டவுடன் எதிர்வாதம் ஒன்று எழக்கூடும். அவர் திட்டமிட்டா நூலகரானார்? கணித விரிவுரையாளராயிருந்தவர், கூடிய சம்பளங் கருதி 1924 இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகப் பதவியை ஏற்றார். சில நாட்களிலேயே தனிமை தாளாது கல்லூரிக்கு மீளவும் விரும்பினார். இது உண்மையே. தற்செயலாய் வந்தவரே மாமேதையானார் எனில், மாணவருக்குத் தொழில் திட்டம் எதற்கு என்பது அவ்வாதத்தின் சாரம். ஆயின் இவ்வாதம் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகின்றது. மீள விரும்பியவருக்குக் கூறப்பட்ட பதில், இலண்டன் சென்று அத்துறையைக் கற்று வந்தபின் முடிவு செய்க என்பதாகும். அவர் சென்றார், யூனிவேர்சிற்றிக் கல்லூரியிற் பயின்றார், அங்குள்ள நூலகங்களை நேரிற் கண்டார், திரும்பியபின் கணிதத்தை நாடவில்லை. 1928 இற் சென்னை நூலகச் சங்கம், 1931 இல் ஐந்து விதிகள், 1933 இற் கோலன் பகுப்பு, 1948 இற் சென்னைப் பொது நூலகச் சட்டம் என அடுத்தடுத்து வந்தவை தற்செயலின் விளைவுகளல்ல. நூலகத்துள் நுழைவது விபத்தாக இருக்கலாம். அதனுள் என்ன செய்வது என்பதை விபத்திடம் விட்டுவிடலாகாது. யாழ்ப்பாணத்துப் பட்டதாரி இரங்கநாதனின் முதல் வாரத்தை மட்டும் பின்பற்றுகின்றார்.

திட்டமிடாமையின் நட்டம் யாருக்கு? சம்பந்தப்பட்ட பட்டதாரிக்கு மட்டுமன்று. 1981 இற் காவற்றுறையினரும் உடன்வந்த கும்பலினரும் இட்ட தீயில் 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் அழிந்தன என்பது உலகறிந்த செய்தி. அச்செய்தியோடு மற்றொரு கூற்றும் நாற்பது ஆண்டுகளாக உலவி வருகின்றது: யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரேயொரு பிரதி அத்தீயில் அழிந்ததாம். மேடைகளிலும் மலர்களிலும் இது மீள மீளக் கூறப்படுகின்றது. வைபவமாலையைக் கி. பிறிற்றோ 1879 இலேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டுவிட்டார். தமிழ் மூலம் பலமுறை அச்சேறியுள்ளது, குல. சபாநாதனின் பதிப்பு கற்றோர் பலரின் வீடுகளில் இருந்தது. ஏட்டுப்பிரதி ஒன்று எரிந்திருப்பின் அது பெரும் இழப்பே. ஆனால் நூல் எரியவில்லை. இவ்வளவு எளிய உண்மையை இத்தனை ஆண்டுகள் உரத்துச் சொல்வாரின்றிப் போனமை எதைக் காட்டுகின்றது? எந்த நூல் எப்போது எங்கே அச்சிடப்பட்டது, எத்தனை பதிப்புக் கண்டது, எங்கே கிடைக்கும் என்பவற்றைத் தொழிலாகக் கொண்டு விடைகூறும் நூல்விவரணவாளரின் குரல் இச்சமூகத்தில் எட்டவில்லை என்பதையே. இக்கூற்றின் பிழையைச் சுட்டிக்காட்டும் எதிரி, உண்மையாகவே எரிந்தவற்றையும் சேர்த்து மறுக்க வாய்ப்புப் பெறுகின்றான். துயரத்துக்கும் சரியான நூற்பட்டியல் வேண்டியிருக்கின்றது.

நூலகர் நூலை எடுத்துக் கொடுப்பவர், திகதி முத்திரை இடுபவர், “சத்தம் போடாதீர்கள்” என்பவர் என எண்ணுவோர் ஒரு பட்டியலட்டையின் முன் அரை மணிநேரம் அமர்ந்து பார்த்தல் நன்று. சிவஞானசுந்தரம் என்பது ஓர் ஆசிரியர் பெயர். ஈழத்துச் சிறுகதை முன்னோடி இலங்கையர்கோனின் இயற்பெயர் அது. சமுதாய மருத்துவப் பேராசிரியரும் நாவலாசிரியருமான நந்தியின் இயற்பெயரும் அதுவே. சிரித்திரன் ஆசிரியர் சுந்தரின் இயற்பெயரும் அதுவே. மூவரையும் ஒருவராக்கிவிடும் பட்டியலை நம்பி ஆய்வேடு எழுதும் மாணவர், கேலிச்சித்திரக்காரரை மருத்துவராகவும் மருத்துவரை மறுமலர்ச்சிக்கு முந்திய எழுத்தாளராகவும் ஆக்கக்கூடும். கார்த்திகேசு சிவத்தம்பியை இறுதிப் பெயரின்கீழ்ப் பதிந்தால் அவர் தம் பெயரிலேயே நிற்கின்றார். அதே விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றிச் சித்திரலேகா மௌனகுருவைப் பதிந்தால் அவர் தம் கணவரின் பெயருள் மறைந்துவிடுகின்றார். மேனாட்டு விதிநூல் தமிழ்ப் பெயரின் இயல்பை முழுதும் அறியாது. அறிந்த ஒருவர் அங்கே அமர்ந்திருக்கவேண்டும்.

பகுப்பாக்கத்தின் நிலை இதனினும் நுட்பமானது. தூயி தசமப் பகுப்பில் இருநூறாம் வகுப்பின் பெரும்பகுதி கிறித்தவத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஏனைய சமயங்கள் யாவும் 290 இன்கீழ் நெருக்கி அடைக்கப்பட்டன. சைவம் 294.5513 இல் ஒடுங்கியிருக்கின்றது. தமிழிலக்கியம் 894.811. இவ்விலக்கங்களை மனனஞ் செய்வது வேலையன்று. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை ‘கந்தபுராண கலாசாரம்’ எனப் பெயரிட்டாரே, அதைப் பற்றிய நூலொன்று கைக்கு வருகின்றது. அது இலக்கியமா, சமயமா, கோயிற் புராண படன வழக்கங்களைக் கூறுவதால் சமூக வழக்காறா? தவறான தட்டில் வைக்கப்பட்ட நூல் எரிந்த நூலுக்குச் சமம். அதனை எவரும் தேடிக் காணப்போவதில்லை. சரியான தட்டைத் தீர்மானிப்பதற்கு யாழ்ப்பாணத்துச் சைவ மரபையும் தமிழிலக்கிய வரலாற்றையும் பகுப்பின் தருக்கத்தையும் ஒருங்கே அறிந்தவர் தேவை. அத்தகையவர் சிறப்புப் பட்டதாரியாக இருத்தல் வேண்டும். இப்படிப்பட்ட இடத்தையா ‘எதுவும் கிடையாவிட்டால்’ என்ற நிரலிற் சேர்ப்பது?

பத்திரிகைகளை எடுத்துக்கொண்டால் வெட்கம் இன்னும் மிகும். உதயதாரகை 1841 இல் தொடங்கியது; இந்து சாதனம் 1889 இல்; ஈழகேசரி 1930 இல். சாதிப் போராட்டம், சீதனம், ஆலயப் பிரவேசம், மொழிக் கல்வி ஆகியவற்றை ஆராய்வோர் அனைவரும் இவ்விதழ்களுக்கே செல்கின்றனர். ஒவ்வோர் ஆய்வாளரும் அவற்றை முதற் பக்கத்திலிருந்து தாமே புரட்டிக் குறிப்பெடுத்து, ஆய்வு முடிந்ததும் அக்குறிப்புக்களை வீட்டுப் பெட்டியிற் பூட்டுகின்றார். அடுத்தவர் மறுபடியும் முதற் பக்கத்திலிருந்து. நொடிந்து போகும் தாள் ஒவ்வொரு புரட்டலிலும் ஒரு துண்டை இழக்கின்றது. சுட்டி ஒன்று தொகுக்கப்பட்டிருப்பின் தாளும் பிழைத்திருக்கும்; ஆய்வாளரின் ஆண்டுகளும் மிஞ்சியிருக்கும்.

இனி, பட்டதாரி செய்யத்தக்கது யாது என்பதைச் சுருங்கக் கூறலாம். வழி மறைவானதன்று. இலங்கை நூலகச் சங்கம் 1960 இற் தோன்றியது. மூன்று படிகளைக் கொண்ட அதன் டிப்ளோமாவைப் பட்டப்படிப்பின் போதே தொடங்கலாம். களனிப் பல்கலைக்கழகத்தில் 1970களிலிருந்து நூலகவியல் ஒரு பல்கலைக்கழகப் பாடம். கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகம் 1999 இல் நிறுவப்பட்டது. ஆசிரிய நூலகர்க்கான கற்கைநெறிகளும் அங்குண்டு. பல்கலைக்கழகங்களில் உதவி நூலகர், சிரேஷ்ட உதவி நூலகர், நூலகர் எனப் படிவரிசை உண்டு. முதுமாணிப் பட்டமும் ஆய்வு வெளியீடுகளும் அங்கு விரிவுரையாளரிடம் போன்றே எதிர்பார்க்கப்படுகின்றன. உள்ளூராட்சி நூலகம், பாடசாலை நூலகம், பல்கலைக்கழக நூலகம் ஆகிய மூன்றும் மூன்று வேறு தொழில்கள். முதலாவதற்கு மக்களோடு பழகும் ஆற்றல் வேண்டும். இரண்டாவதற்குப் பிள்ளைகளின் வாசிப்பை அறிந்த ஆசிரிய மனம் வேண்டும். மூன்றாவதற்குப் பாட ஆழம் வேண்டும். எதற்குத் தம்மை ஆயத்தஞ் செய்வது என்பதை இறுதி ஆண்டுக்கு முன்னரே ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். ஆங்கிலத்தோடு சிங்களமும் தேவை. தேசிய நூலகத்திலும் சுவடிக்கூடத்திலும் பணிபுரிய விரும்புவோர் இதனைத் தட்டிக்கழிக்க முடியாது. பெண்களுக்கு ஏற்ற அமைதியான வேலை என்று இத்தொழிலைச் சிபாரிசு செய்யும் உறவினரின் சொல்லையும் ஐயத்துடன் நோக்கவேண்டும். அச்சொல்லிற் பெண்ணுக்கும் மதிப்பில்லை; தொழிலுக்கும் மதிப்பில்லை.

பதவிகள் மிகச் சில என்பது வலுவான மறுப்பு. அதனை மழுப்பலாகாது. பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் ஓரிடம் வெறுமையாவதற்குப் பல ஆண்டு காத்திருக்க நேரலாம். கல்விப் பணியாளர் பதவிக்கு வேண்டிய தகைமைகளை முடிக்கவே பட்டத்தின் பின் ஐந்தாறு ஆண்டுகள் கழியும். ஆயின் இடங்கள் சிலவாக இருப்பதே திட்டமிடலுக்குக் காரணமாகவேண்டும், திட்டமிடாமைக்கு அன்று. மேலும், வேலை குறைவாக உள்ளது வேறு, பதவி குறைவாக உள்ளது வேறு. வேலை மலைபோற் குவிந்து கிடக்கின்றது. என். செல்வராஜா புலம்பெயர்ந்து இங்கிலாந்தில் இருந்தவாறே, தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் என்ற கணக்கில் ஈழத்தவரின் நூல்களைப் பதிவுசெய்து, 2002 இல் ‘நூல்தேட்டம்’ முதற் றொகுதியை வெளியிட்டார், தொகுதிகள் தொடர்ந்தன. நூலகவியல் கற்ற ஒருவர், சொந்த மண்ணுக்கு ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து ஒரு நிறுவனத்தின் வேலையைச் செய்திருக்கின்றார். அதைப் போற்றுவோர், யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் அதனைத் தொடங்காதது ஏன் என்று கேட்பதில்லை. போரும் இடப்பெயர்வும் காரணமென்பது 2009 வரைக்கும் ஏற்கத்தக்க விடை.

கணினி வந்துவிட்டது, இனி நூலகர் எதற்கு என்போரும் உளர். 2005 இற் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தின் பக்கங்களை ஒருமுறை புரட்டினால் அவ்வினா தானே அடங்கும். நூலை ஒளிவருடி இடுவதற்கு இயந்திரம் போதும். அந்நூல் எவருடையது, எந்தச் சிவஞானசுந்தரத்தினுடையது, எத்தனையாம் பதிப்பு, எப்பொருளுக்குரியது என்று சொல்வதற்கு ஆள் வேண்டும். ஒரு நூலகத்தில் தொலைந்த நூலை ஒரு மாலைப்பொழுதில் தேடிவிடலாம். பல்லாயிரம் கோப்புக்களுக்குள் தவறாகப் பெயரிடப்பட்ட ஒன்று தொலைந்தது தொலைந்ததே.

இறுதியாக விரிவுரையாளரைச் சாரும் ஒன்று. கலைப்பீடத்துச் சிறப்புக்கலை மாணவர்கள் ஆய்வேடு எழுதுகின்றனர். ஒரு நாவலாசிரியரின் பாத்திரப் படைப்பு, ஒரு கவிஞரின் சமூக நோக்கு என்றவாறு தலைப்புக்கள் அமைகின்றன; ஒரே எழுத்தாளர்மீது ஒரே முடிவுகள் ஆண்டுக்காண்டு தட்டச்சாகி அலுமாரியேறுகின்றன. 1946 முதல் 1948 வரை வெளிவந்த ‘மறுமலர்ச்சி’ இதழுக்கு விளக்கக் குறிப்புக்களுடனான சுட்டி, ஈழகேசரியின் ஓராண்டுக்கான பொருளடைவு, ஒரு கிராமத்து வாசிகசாலையிலும் வீடுகளிலும் எஞ்சியுள்ள அச்சு நூல்களின் விவரணப் பட்டியல் ஆகியன ஆய்வேடாக ஏற்கப்பட ஏன் தடையிருக்கவேண்டும்? ‘அது வெறுந் தொகுப்பு வேலை’ என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அவ்விடை கூறுவோர் தத்தம் கலாநிதிப் பட்ட ஆய்வை எவரோ தொகுத்த பட்டியலொன்றிலிருந்துதான் தொடங்கினர். அத்தடையை நீக்குவதற்குப் புதிய திணைக்களமும் வேண்டாம், திறைசேரியின் அனுமதியும் வேண்டாம். ஒரு பாடக்குழுவின் அரைமணிநேரக் கூட்டம் போதும். அவ்வாறு ஒரு சுட்டியைத் தொகுத்த மாணவர் நான்காண்டின் முடிவில் நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும்போது, சான்றிதழ்க் கோப்போடு மேசைமேல் வைப்பதற்கு ஒரு நூலும் அவர் கையில் இருக்கும்.